அரிவாள் முனையில் ஒரு சமன்பாடு



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: இடப்பெயர்ச்சி வினைக்கும் வீழ்படிவாதல் வினைக்கும் சமன்பாடு எழுதுவது எப்படி? கேட்டதும் இங்கே வந்திருக்கும் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு ஒரு எண்ணம் வரும். இது பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம், நமக்கு இதில் என்ன இருக்கிறது? மாணவர்களுக்கு வேறொரு எண்ணம் வரும். ஜோடியை மாற்றி எழுதினால் முடிந்தது, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒரு மணி நேரப் பேச்சா? இரண்டு எண்ணமும் சரியில்லை என்று காட்டத்தான் வந்திருக்கிறேன். சமன்பாட்டை இடப்பக்கம் வலப்பக்கம் மாற்றிப்போட்டு எழுதக்கூடாது. கரைசலுக்குள் யார் என்ன செய்தார் என்று விசாரித்து எழுத வேண்டும். நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான். அதற்குச் சாட்சி தேடி வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் டிரம்மிலேயே அந்தச் சாட்சி இருக்கிறது.

அந்த டிரம்மில் இருப்பது போர்டோ கலவை. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஆண்டு முழுவதும் அறுவடை உண்டு. அதனால் ஆண்டு முழுவதும் நோயும் உண்டு. கவாத்து முடிந்து தளிர் விடும் சமயத்தில் சாரலும் பனியும் சேர்ந்துகொண்டால், இலையின் மேல்புறம் எண்ணெய்த் துளி போல மஞ்சள் திட்டும், கீழ்ப்புறம் வெள்ளைப் பூஞ்சணமும் வந்துவிடும். அதுதான் அடிச்சாம்பல் நோய். இதற்கு வேளாண்மைத் துறை நெடுங்காலமாகச் சொல்லிவரும் மருந்துகளில் ஒன்று ஒரு சதவீதப் போர்டோ கலவை. மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் காய் அழுகலுக்கும் அதே கலவைதான். செய்முறை இங்கே பலருக்கு மனப்பாடம். மயில்துத்தம் 1 கிலோ, 50 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தனியாக நீற்றி, வடிகட்டி, இன்னொரு 50 லிட்டரில் கலக்க வேண்டும். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக்கொண்டே குச்சியால் கிண்ட வேண்டும். தெளிந்த நீலமாக இருந்த கரைசல் சுண்ணாம்பில் விழுந்தவுடன் வான நீலத்தில் குழம்பாகத் திரளும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே அடித்துத் தீர்க்க வேண்டும். அடிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த அரிவாளையோ கத்தியையோ அதில் ஒரு நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். இரும்பில் செம்பு நிறம் படிந்தால் கலவை ஆகாது, இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இரும்பு இரும்பாகவே இருந்தால் அடிக்கலாம்.

இதை நன்றாகக் கவனியுங்கள். சுண்ணாம்பில் மயில்துத்தம் விழுந்து திரண்டதே, அது வீழ்படிவாதல் வினை. அரிவாளில் செம்பு படிந்ததே, அது இடப்பெயர்ச்சி வினை. பாடப்புத்தகம் இந்த இரண்டையும் வெவ்வேறு தலைப்பில், வெவ்வேறு எடுத்துக்காட்டோடு சொல்லித் தருகிறது. தோட்டத்தில் இரண்டும் ஒரே டிரம்மில் நடக்கின்றன. நடப்பது மட்டுமில்லை, ஒன்று மற்றொன்றுக்கு மேற்பார்வையாளராகவும் இருக்கிறது. அது எப்படி என்று பிறகு பார்ப்போம். முதலில் இந்தக் கலவை எங்கிருந்து வந்தது என்று இரண்டு வார்த்தை.

பிரான்ஸ் நாட்டின் போர்டோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் இருந்தார். 1882ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மெடோக் பகுதியில் அவர் ஒரு விசித்திரம் கண்டார். அடிச்சாம்பல் நோயால் கொடிகளெல்லாம் இலை உதிர்ந்து நிற்க, பாதையோரத்துக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன. காரணம் விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருப்பதற்காக மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்திருந்தார்களாம். திருடனுக்குக் கட்டிய வேலியில் பூஞ்சணம் மாட்டிக்கொண்டது! மில்லார்டேயும், கயோன் என்ற வேதியியலாளரும், டோசாக் தோட்டத்தின் மேலாளர் டேவிட்டும் சேர்ந்து சோதித்து, 1885இல் செய்முறையை வெளியிட்டார்கள். நம் ஊருக்கு இந்தத் திராட்சையே 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் வந்தது என்று சொல்வார்கள். கொடியும் பிரெஞ்சு வழி, மருந்தும் பிரெஞ்சு வழி. சரி, டிரம்முக்குத் திரும்புவோம்.

இந்த அரங்கில் கரும்பலகை இல்லை. சமன்பாட்டைச் சொல்லாலேயே எழுதிப் பார்ப்போம். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட், நீற்றிய சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. ஒரு மாணவரை எழுப்பிக் கேட்டால் என்ன எழுதுவார்? காப்பர் சல்பேட் + கால்சியம் ஹைட்ராக்சைடு → காப்பர் ஹைட்ராக்சைடு + கால்சியம் சல்பேட். மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். எப்படி எழுதினாய் என்று கேட்டால், முதல் ஜோடியில் முன்னால் இருப்பதை இரண்டாம் ஜோடியில் பின்னால் இருப்பதோடு சேர்த்தேன், அவ்வளவுதான் என்பார். விடை சரி, வழி தவறு. ஏன் தவறு? ஜோடி மாற வேண்டுமானால் முதலில் ஜோடி இருக்க வேண்டுமல்லவா? மயில்துத்தத்தைத் தண்ணீரில் போட்டுக் கிண்டி, பட்டாணி பட்டாணியாக இருந்த நீலக் கட்டி கரைந்து மறைந்தபோதே அந்த ஜோடி பிரிந்துவிட்டது. தாமிர அயனி தனியாகவும் சல்பேட் அயனி தனியாகவும் தண்ணீரில் அலைகின்றன. சுண்ணாம்புத் தெளிவில் கால்சியம் அயனி தனி, ஹைட்ராக்சைடு அயனி தனி. கரைந்த உப்பு இப்படிப் பிரிந்துதான் கிடக்கிறது என்று ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் ஆய்வேடு எழுதியது 1884இல். மில்லார்டே கலவையை வெளியிட்டதற்குச் சரியாக ஓராண்டு முன்னால். அந்த ஆய்வேட்டுக்கு அவருடைய பல்கலைக்கழகம் குறைந்த தரம்தான் கொடுத்தது. 1903இல் நோபல் பரிசு வந்து அந்தக் கணக்கைத் தீர்த்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, யார் யாரோடு சேர்வது என்பதில்லை. தண்ணீரை விட்டு வெளியேறுவது யார்? இந்த ஒரு கேள்விதான் வீழ்படிவுச் சமன்பாட்டின் உயிர். நான்கு பேர் ஒரே நீரில் அலையும்போது, எந்த இருவர் சந்தித்தால் நீர் அவர்களைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியாமல் கைவிடுகிறது? தாமிர அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சந்தித்தால். ஆகவே எழுத வேண்டியது: தாமிர அயனி ஒன்று + ஹைட்ராக்சைடு அயனி இரண்டு → காப்பர் ஹைட்ராக்சைடு, வீழ்படிவு. தாமிரத்துக்கு இரண்டு நேர்மின்சுமை, ஹைட்ராக்சைடுக்கு ஒரு எதிர்மின்சுமை. ஆகையால் ஒன்றுக்கு இரண்டு. இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஜோடி மட்டும் மாற்றுகிறவர் எங்கே மாட்டிக்கொள்வார் தெரியுமா? உப்புத் தண்ணீரையும் வெடியுப்புத் தண்ணீரையும் கலக்கச் சொல்லுங்கள். சோடியம் குளோரைடு + பொட்டாசியம் நைட்ரேட் → சோடியம் நைட்ரேட் + பொட்டாசியம் குளோரைடு என்று அழகாக எழுதிவிடுவார். பாத்திரத்தைப் பாருங்கள். ஒன்றுமே நடக்கவில்லை! நான்கு அயனிகளும் கலக்குவதற்கு முன்னால் எப்படி அலைந்தனவோ அப்படியே அலைகின்றன. காகிதத்தில் ஒரு வினை, பாத்திரத்தில் வெறும் தண்ணீர். "வினை இல்லை" என்பதும் ஒரு விடை என்பதை ஜோடி மாற்றும் வித்தை ஒருநாளும் சொல்லித் தராது.

இனி இன்னும் ஒரு படி உள்ளே போவோம். வெள்ளி நைட்ரேட்டில் உப்புத் தண்ணீரை விட்டால் வெள்ளைத் தயிர் போலத் திரளும் எடுத்துக்காட்டு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அங்கே சோடியமும் நைட்ரேட்டும் சும்மா நிற்கின்றன. பார்வையாளர் அயனிகள் என்று அவற்றை அடித்துவிடுகிறோம். சரிதான். அதே பழக்கத்தில், போர்டோ கலவையிலும் கால்சியத்தையும் சல்பேட்டையும் அடித்துவிடலாமா? இங்கேதான் விசாரணை வேண்டும். மயில்துத்தத்தின் எடையைக் கூட்டிப் பாருங்கள். தாமிரம் 63.5, கந்தகம் 32, நான்கு ஆக்சிஜன் 64, படிகத்துக்குள் ஒட்டியிருக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் 90, ஆக 249.5. 1 கிலோவில் ஏறத்தாழ 4 மோல். அத்தனை சல்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்தால் காகிதக் கணக்கில் 690 கிராம் அளவுக்கு ஜிப்சம் உண்டாக வேண்டும். ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும், லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவில். 100 லிட்டருக்கு 250 கிராம் என்று வையுங்கள். மீதி? டிரம்மின் அடியில்! அதாவது இங்கே பார்வையாளர் என்று நாம் நினைத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் களத்தில் இறங்கிவிட்டார்கள். நீர்த்த கரைசலில் சும்மா நிற்கிறவர் அடர்ந்த கரைசலில் சும்மா நிற்க மாட்டார். பட்டியலைப் பார்த்து அடிக்கக் கூடாது, அளவைப் பார்த்து அடிக்க வேண்டும்.

இப்போது அரிவாளுக்கு வருவோம். இரும்பு + காப்பர் சல்பேட் → இரும்பு சல்பேட் + தாமிரம். இதையும் இடம் மாற்றியே எழுதிவிடலாம் என்கிறார்கள். எழுதுங்கள் பார்ப்போம். எந்த இரும்பு சல்பேட்? இரும்புக்கு இரண்டு முகம் உண்டு. இரண்டு எலக்ட்ரானையும் இழக்கும், மூன்றையும் இழக்கும். இடம் மாற்றும் விதி எந்த முகம் என்று சொல்லுமா? சொல்லாது. யார் சொல்வார்? கண் சொல்லும், தராசு சொல்லும். மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் நீலம் மெல்ல மங்கி வெளிர் பச்சை ஆகிறது. துருவின் பழுப்பு வருவதில்லை. வெளிர் பச்சை, இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பின் நிறம். நிறத்தை நம்பாதவர் தராசைக் கொண்டு வரட்டும். இரண்டு எலக்ட்ரான் கணக்கு என்றால் 56 கிராம் இரும்பு கரையும்போது 63.5 கிராம் தாமிரம் படிய வேண்டும். மூன்று எலக்ட்ரான் கணக்கு என்றால் அதே 56 கிராமுக்கு 95 கிராமுக்கு மேல் படிய வேண்டும். படிந்த தாமிரம் உதிராமல் கழுவி, உலர்த்தி நிறுத்துப் பார்த்தால் எந்தக் கணக்கு என்று தெரிந்துவிடுகிறது. ஆக, ஒரு சின்ன எண்ணை எழுதுவதற்குக் கூட ஒரு சாட்சி தேவைப்படுகிறது. அந்தச் சாட்சியை வாங்கிக்கொண்டு எழுதினால் சமன்பாடு இப்படி நிற்கும்: இரும்பு → இரும்பு அயனி + இரண்டு எலக்ட்ரான், தாமிர அயனி + இரண்டு எலக்ட்ரான் → தாமிரம். கொடுத்தவர் கணக்கு ஒன்று, வாங்கியவர் கணக்கு ஒன்று. இடப்பெயர்ச்சி வினையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எலக்ட்ரானைக் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்?

இந்தக் கேள்வி இல்லாமல் போனால் வரும் பிழை ஒன்றைச் சொல்கிறேன். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்குப் பழகிய பிழைதான். வெள்ளி நைட்ரேட் கரைசலில் செப்புக் கம்பி. அயனிச் சமன்பாடு கேட்டால், தாமிரம் + வெள்ளி அயனி → தாமிர அயனி + வெள்ளி என்று எழுதுகிறார்கள். அணுக்களை எண்ணுங்கள். இந்தப் பக்கம் ஒரு தாமிரம், ஒரு வெள்ளி. அந்தப் பக்கமும் அப்படியே. சமன் ஆனது போலத் தெரிகிறது. மின்சுமையை எண்ணுங்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு! இல்லாத இடத்திலிருந்து ஒரு மின்சுமை முளைத்திருக்கிறது. தாமிரம் இரண்டு எலக்ட்ரான் கொடுக்கிறது, வெள்ளி அயனி ஒன்றுதான் வாங்கும். ஆகவே ஒரு தாமிரத்துக்கு இரண்டு வெள்ளி. அணுக் கணக்கும் மின்சுமைக் கணக்கும் சேர்ந்து தீர்ந்தால்தான் சமன்பாடு. இன்னொன்று: உலோகங்களை வினைபடும் திறன்படி அடுக்கிய வினைபடு வரிசையில் சோடியம் தாமிரத்துக்கு எவ்வளவோ மேலே இருக்கிறது. அப்படியானால் மயில்துத்தக் கரைசலில் சோடியத்தைப் போட்டால் தாமிரம் வெளியே வந்து விழுமா? வரிசையை மட்டும் பார்க்கிறவர் ஆம் என்று எழுதுவார். நடப்பது வேறு. சோடியம் தாமிரத்தைத் தேடிப் போகாது. சுற்றிலும் இருக்கும் தண்ணீரோடு முதலில் சண்டைக்குப் போகும். ஹைட்ரஜன் கிளம்பும், சோடியம் ஹைட்ராக்சைடு பிறக்கும், அந்த ஹைட்ராக்சைடு தாமிர அயனியோடு சேர்ந்து நீல வீழ்படிவாக இறங்கும். இடப்பெயர்ச்சி என்று தொடங்கியவர் வீழ்படிவில் போய் முடிகிறார். அபாயமான வினை, மாணவர்கள் யாரும் இதைச் செய்து பார்க்கப் புறப்பட்டுவிடாதீர்கள்.

இப்போது இரண்டு வினையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீழ்படிவுச் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் இருப்பவர் யார்? தாமிர அயனி. இடப்பெயர்ச்சிச் சமன்பாட்டின் இடப்பக்கத்தில்? அதே தாமிர அயனி! சுண்ணாம்பு போதுமானதாக இருந்தால் தாமிர அயனிகள் எல்லாம் வீழ்படிவுக்குள் போய் அடைந்துவிடும். அரிவாள் கொடுக்கும் எலக்ட்ரானை வாங்க ஆள் கிடைக்காது. சுண்ணாம்பு குறைந்தால் மிச்சமிருக்கும் தாமிர அயனி அரிவாளில் வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். அரிவாளில் படாவிட்டால் அது இலையில் படும், தளிரைக் கருக்கிவிடும். கரைந்த மயில்துத்தம் கொடிக்கும் விஷம். அதைக் கரையாத பொருளாக மாற்றி இலைமேல் பூசி வைப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு. மழைக்கும் அவ்வளவாகக் கரையாமல், பனித்துளியில் துளித்துளியாகத் தாமிர அயனியை விட்டு, முளைக்க வரும் பூஞ்சண வித்தை மட்டும் கொல்ல வேண்டும். முழுச் சமன்பாட்டை ஜோடி மாற்றி எழுதிவிட்டுப் போனவருக்கு அரிவாளுக்கும் சுண்ணாம்புக்கும் என்ன உறவு என்று தெரியாது. அயனிச் சமன்பாடு எழுதியவருக்கு அது கண்ணுக்கு முன்னால் நிற்கும். இரும்புத் தகர டிரம்மில் ஏன் கலக்கக் கூடாது, துத்தநாகம் பூசிய வாளி ஏன் ஆகாது என்று கேளுங்கள். அரிவாள் செய்வதை வாளியும் செய்யும். துத்தநாகம் இன்னும் விரைந்து செய்யும். வாளி அரிக்கும், மருந்தில் தாமிரம் குறையும். பிளாஸ்டிக் டிரம்மும் மண்பானையும் எலக்ட்ரான் கொடுக்காது.

இதற்கெல்லாம் மறுப்பு இல்லாமல் இருக்குமா? ஆசிரியர்களிடமிருந்து வரக்கூடியது முதல் மறுப்பு. தேர்வுக்கு முழுச் சமன்பாடு போதும். நாற்பது மாணவர்கள், நாற்பத்தைந்து நிமிடம். அயனி, எலக்ட்ரான் என்று போனால் பாடம் முடியாது. இது நேர்மையான மறுப்பு. நான் முழுச் சமன்பாட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. எடை போடுவதற்கு அதுதான் வேண்டும். அயனியைத் தனியாகக் கடையில் வாங்க முடியாது. ஆனால் வரிசையை மாற்றிப் பாருங்கள் என்கிறேன். தண்ணீரை விட்டு வெளியேறுவது யார், எலக்ட்ரான் கொடுத்தது யார் என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் முழுச் சமன்பாடு அதிலிருந்து தானாக வரும். ஜோடி மாற்றுவதை முதலில் பழக்கிவிட்டால் வினை நடக்காத இடத்திலும் சமன்பாடு எழுதும் கை வந்துவிடுகிறது. அதை மாற்ற மேல்வகுப்பில் ஓராண்டு போதாது. நேரம் எங்கே மிச்சமாகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது மறுப்பு தோட்டத்திலிருந்து வருகிறது, அது இன்னும் வலுவானது. எங்களுக்கு அரிவாள் போதும், அரிவாள் பொய் சொல்லாது, சமன்பாடு எதற்கு? அரிவாள் பொய் சொல்லாது என்பது உண்மை. ஆனால் அரிவாளுக்கு ஆம், இல்லை என்ற இரண்டு வார்த்தைதான் தெரியும். எவ்வளவு என்று அது சொல்லாது. ஏன் என்றும் சொல்லாது. சமன்பாடு சொல்லும். ஒரு தாமிர அயனிக்கு இரண்டு ஹைட்ராக்சைடு, ஒரு சுண்ணாம்பு இரண்டு ஹைட்ராக்சைடு தரும், ஆகவே 249.5 பங்கு மயில்துத்தத்துக்கு 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு. 1 கிலோவுக்கு? ஏறத்தாழ 225 கிராம்! நாம் போடுவது 1 கிலோ. நான்கு மடங்குக்கும் மேல். மில்லார்டே முதலில் வெளியிட்ட செய்முறையில் 8 கிலோ மயில்துத்தத்துக்கு 15 கிலோ சுண்ணாம்பு. கணக்குப்படி அதற்கு 2 கிலோ கூட வேண்டாம். பின்னால் வந்தவர்கள் அளவைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்ததற்கு இந்தக் கணக்குதான் துணை.

அப்படியானால் நாளை முதல் 225 கிராம் போதும் என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்த எண் தூய சுட்ட சுண்ணாம்புக்கு உரியது. சந்தையில் வாங்கும் சுண்ணாம்பில் வேகாத கல் இருக்கும். சாக்கில் கிடந்த சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக் கால்சியம் கார்பனேட்டாகத் திரும்பியிருக்கும். சுவரில் பூசிய சுண்ணாம்பு இறுகுவது இதனால்தான். 1895இல் திறந்த பெரியாறு அணையின் சுண்ணாம்பு சுர்க்கிக் காரை இறுகியதிலும் இதற்குப் பங்கு உண்டு. சுவருக்கு நல்லது, டிரம்முக்குக் கெட்டது. கார்பனேட்டாக மாறிய சுண்ணாம்பு ஹைட்ராக்சைடு தராது. பார்வைக்கு அதே வெள்ளைத் தூள், எடையும் அதே 1 கிலோ, அரிவாள் மட்டும் சிவந்துபோகிறது. என்ன கோளாறு என்று அரிவாளைக் கேட்டால் தெரியாது. சமன்பாட்டைக் கேட்டால், ஹைட்ராக்சைடு எங்கே என்று திருப்பிக் கேட்கும். அதனால்தான் மிகையாகப் போடச் சொன்னார்கள். அதனால்தான் புதிதாகச் சுட்ட சுண்ணாம்பு வாங்கச் சொன்னார்கள்.

மூன்றாவது மறுப்பை வேதியியல் தெரிந்தவர்கள் எழுப்புவார்கள். ஐயா, நீர் எழுதிய சமன்பாடே முழு உண்மை இல்லையே! போர்டோ கலவையில் இறங்குவது வெறும் காப்பர் ஹைட்ராக்சைடு அல்ல. சல்பேட்டையும் சேர்த்துக்கொண்ட காரச் சல்பேட்டுகளும், சுண்ணாம்பின் அளவுக்கும் ஊற்றும் வரிசைக்கும் தக்கபடி மாறும் கலப்புப் பொருள்களும் அதில் உண்டே? உண்டு. ஒப்புக்கொள்கிறேன். சுண்ணாம்பு குறைவாக இருக்கும்போது நான்கு தாமிரம், ஆறு ஹைட்ராக்சைடு, ஒரு சல்பேட் என்ற கணக்கில் சேர்ந்த பொருள் இறங்கும். சற்று முன்னால் ஜிப்சத்துக்குப் போட்ட கணக்கையும் இது கொஞ்சம் குலைக்கும். சல்பேட்டில் ஒரு பகுதி தாமிரத்தோடு போய்விடுகிறதல்லவா? ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கிறதா, தாங்கிப் பிடிக்கிறதா? ஜோடி மாற்றும் வித்தையால் இந்தப் பொருளை எழுதவே முடியாது; அதன் அகராதியில் இப்படி ஒரு பொருள் கிடையாது. யார் வெளியேறினார் என்று விசாரிக்கிறவர்தான் வீழ்படிவை வடிகட்டி, உலர்த்தி, அதில் எத்தனை தாமிரம், எத்தனை சல்பேட் என்று அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியும். சாட்சி மாறினால் சமன்பாடும் மாற வேண்டும். பத்தாம் வகுப்பில் எழுதும் சமன்பாடு முதல் விசாரணையின் அறிக்கை. மேல்விசாரணைக்கு இடம் விட்டுத்தான் எழுதுகிறோம்.

கடைசியாக, சமன்பாட்டின் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற அந்தப் பழைய விதிக்கு வருகிறேன். ஐந்தாண்டு பத்தாண்டு திராட்சை வைத்திருப்பவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. இடப்பக்கத்தில் ஒரு தாமிரம் இருந்தால் வலப்பக்கத்திலும் ஒரு தாமிரம் இருந்தாக வேண்டும். நீலக் கரைசலாக இருக்கலாம், வான நீல வீழ்படிவாக இருக்கலாம், அரிவாளில் செம்பாக இருக்கலாம். இல்லாமல் மட்டும் போகாது. 1 கிலோ மயில்துத்தத்தில் தாமிரம் 254 கிராம். ஒரு ஹெக்டேருக்கு 500 லிட்டர் அடிப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதக் கலவை என்றால் 5 கிலோ மயில்துத்தம், அதில் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல் தாமிரம். பூஞ்சணம் செத்தது, இலை உதிர்ந்தது, மழை வந்தது. தாமிரம் எங்கே போயிற்று? பெரும்பகுதி மேல்மண்ணில்தான். பிரான்சின் பழைய திராட்சைத் தோட்டங்களில் இப்படிச் சேர்ந்துபோன தாமிரம் நெடுநாளாகப் பேசப்படும் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ, அதாவது ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ. நம் கணக்கில் அது மூன்று தெளிப்பு. அங்கே ஆண்டுக்கு ஒரு போகம். இங்கே கவாத்துக்குக் கவாத்து மருந்து. அதற்காகப் போர்டோ கலவையே வேண்டாம் என்பவர்களோடு நான் சேரமாட்டேன். நோய் வந்த தோட்டத்தில் நின்று பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது. பாக்கெட்டில் வரும் காப்பர் ஆக்சிகுளோரைடுக்கு மாறிவிட்டோம் என்கிறவர்களும் கணக்கிலிருந்து தப்பவில்லை; அதிலும் தாமிரம்தான். மண்வள அட்டையில் பரிசோதித்துத் தரும் 12 அளவுகளில் தாமிரமும் ஒன்று. தழை, மணி, சாம்பல் வரிகளைப் படித்துவிட்டு மடித்து வைக்கிறோம். வீட்டுக்குப் போனதும் அட்டையை எடுத்து, துத்தநாகம், இரும்பு என்று போகும் வரிசையில் தாமிரத்துக்கு நேராக என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது பந்தலுக்கு அடியிலிருந்து ஒன்று, மருந்தே படாத வரப்போரத்திலிருந்து ஒன்று என்று இரண்டு மாதிரியாகக் கொடுங்கள்.